‘மீண்டு வருகிறது’ என்று எழுதினேன்

ஆகஸ்ட் 4
மூன்று வருட வறட்சிக்குப் பிறகு நல்ல மழை. மலையெல்லாம் பச்சை. என் கணக்கெடுப்புப் பகுதியில் எண் அடித்த மரங்கள் நானூறு. காட்டுக் காவலர் ஒல்லியண்ணனோடு போய் ஒவ்வொன்றின் பட்டையையும் சுரண்டிப் பார்த்தேன். நூற்றெழுபதில்தான் உள்ளே ஈரம். மற்றதெல்லாம் கட்டை. வெளியே தெரிவது கொடியும் களையும்.

“சட்டைதான் புதுசு தங்கச்சி. ஆளு போயாச்சு,” என்றார்.

ஆகஸ்ட் 9
அதிகாரி செயற்கைக்கோள் படத்தைக் காட்டினார். பச்சையோ பச்சை. காடு தேறட்டும் என்றுதான் ஓடையை நகரத்துக்குத் திருப்பாமல் வைத்திருக்கிறார்கள். ‘மீண்டு வருகிறது’ என்று நான் எழுதிக் கொடுத்தால் நகரத்து வாய்க்காலைத் திறந்துவிடுவார்கள். பிழைத்த மரங்களுக்கு இன்னும் இரண்டு வருடமாவது அந்த ஈரம் வேண்டும் என்றேன். யோசிக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 12
நகரத்தில் அக்கா வீடு. பதினோரு நாளாகக் குழாயில் காற்றுதான். ஒரு மழையில் ஏரி நிரம்பிவிடுமா? குழந்தையின் துணிகள் கழுவாமல் மூலையில் கிடந்தன.

“மரத்துக்கு விடுவீங்க. எம்புள்ளைக்கு?”

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

ஆகஸ்ட் 13
எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 20
ஓடைப் படுகையில் வெறும் கல். நூற்றெழுபது இப்போது அறுபத்தொன்று. மேற்குச் சரிவில் ஒன்றுகூட மிச்சமில்லை. நான் என்ன எழுதினேன் என்று ஒல்லியண்ணனுக்குத் தெரியும். குடிசையில் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

ஜூன் 28
நாலு நாள் விடாத மழை. மேற்குச் சரிவு அப்படியே இறங்கிவிட்டது. மண்ணைப் பிடித்துக்கொள்ள உயிருள்ள வேர் இல்லை. காவல் குடிசை அதற்கு நேர் கீழே. அண்ணன் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

ஒத்த ஆளு மேல போட அவ்ளோ மண்ணா? நான் மட்டும் அன்னிக்கு— முடியல.

ஜூலை 15
விசாரணை. அதிகாரி என் அறிக்கையைத்தான் நீட்டினார். பட்டை சுரண்டிய நாளின் குறிப்பேட்டை மேசைமேல் வைத்தேன். பார்த்தது ஒன்று, எழுதியது ஒன்று என்றேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாய்க்காலையும் மூடிவிட்டார்கள்.

நவம்பர் 2
இனி எண்ணச் சொல்ல யாரும் இல்லை. இருந்தும் போனேன். அக்காவும் கூட வந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. சரிவு முழுக்கப் பாறை. சரிவைத் தாண்டிய ஓரத்தில் ஒன்பது அடிக்கட்டைகள் துளிர்த்திருந்தன. விரல் நீளம்.

“இது எப்போடி மரமாகும்?”

“நம்ம பாக்க மாட்டோம்க்கா.”

அக்கா அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.