முதலில் ஷாக் அப்சார்பர்

ஆகஸ்ட் 24, ஞாயிறு
காரை மூன்று நாள் பாலக்கரையில் தாஜுதீன் பாய் ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு, "சும்மா சர்வீஸ்தான்" என்றார் இவர். இன்று சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்ற தோரணையே சொல்லிவிட்டது, வெறும் சர்வீஸ் இல்லை என்று. ரீமேப் பண்ணிவிட்டாராம். என்ஜினின் கம்ப்யூட்டரைத் திருத்திக் கூடுதல் சக்தி. "இப்ப பிக்கப் பாரு ஆன்சி, பறக்கும்!"

பன்னிரண்டு வருஷத்துக் கார். ஷாக் அப்சார்பர் நான்கும் செத்துவிட்டன, பின்னால் எண்ணெய் கசிகிறது. ஜூனிலிருந்து சொல்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
பறக்கிறது. பிடிக்கத்தான் முடியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
ஸ்ரீரங்கத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். காவிரிப் பாலம் முழுக்க வண்டி குதித்தது. பக்கத்தில் ஆட்டோக்காரர் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார். அம்மா மண்டபம் ரோட்டில் திரும்பும்போது பின்பக்கம் தனியாக இழுத்துக்கொண்டு போய், ஒரு பூக்காரம்மா கூடைக்குச் சாண் தூரத்தில் நின்றது. கத்தியே விட்டேன். "ரோடு சரியில்ல" என்கிறார். எல்லாருக்கும் அதே ரோடுதானே?

பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் பதினொரு வருஷமாக என் வேலையே ரயில் பெட்டிகளின் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றி, சோதித்து, மாட்டுவது. பெட்டிக்கு என்ஜினே கிடையாது. அதில்தான் எழுபது பேர் தூங்கிக்கொண்டே சென்னை போகிறார்கள். இதைச் சொன்னால், "அது ரயிலு, இது காரு" என்கிறார். என்ன ஒரு கண்டுபிடிப்பு!

செப்டம்பர் 7, ஞாயிறு
திருவெள்ளறைக்கு அந்தப் பக்கம் பாயும் நண்பர்களும் வருஷா வருஷம் நடத்தும் கார் போட்டி, அக்டோபர் 12. மண் மைதானம், வளைந்து வளைந்து மூன்று சுற்று, குறைந்த நேரத்தில் முடிப்பவருக்குப் பரிசு. ஒரு காருக்கு ஒரு டிரைவர்தான். போன வருஷம் இவர். இந்த வருஷம் நான் என்று சொன்னவரும் இவரேதான், நாத்தனார் முன்னால்.

இன்று ஃபாரத்தில் தன் பெயரை எழுதுகிறார். "பவர் கூடிப்போச்சும்மா. உன்னால சமாளிக்க முடியாது. நானே ஓட்டிடுறேன்."

அதாவது, என்னைக் கேட்காமல் என்ஜினைத் திருத்துவார். திருத்தியதால் நான் ஓட்டக்கூடாது! ஒரு வருஷமாகக் காத்திருந்தேனே? அழுதேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்
எங்கள் ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஆயுத பூஜை. குடும்பத்தாரை உள்ளே விடும் ஒரே நாள். இவர் பொரிகடலைப் பொட்டலத்தோடு எங்கள் செக்‌ஷனுக்கும் வந்தார். எங்கள் இன்ஜினியர் நல்லுசாமி சார் இரண்டு ஷாக் அப்சார்பரைக் காட்டி அமுக்கிப் பார்க்கச் சொன்னார். நல்லது அசையவில்லை. செத்தது அமுக்கியதும் சர்ரென்று உள்ளே போய்விட்டது. "சக்கரம் தரையை விட்டுட்டா எவ்வளவு பவர் இருந்து என்னங்க? மொதல்ல இதைப் பாக்கணும்" என்றார் சார்.

திரும்பி வரும்போது இவர் சொல்கிறார், "சார் எவ்வளவு அழகா சொன்னாரு பாத்தியா? மொதல்ல ஷாக் அப்சார்பர மாத்திடணும்."

அழகா சொன்னாரா! ஜூனிலிருந்து நான் என்ன பாட்டா பாடிக்கிட்டிருந்தேன்? அந்தச் செத்ததைச் சோதித்து ஒதுக்கி வைத்ததே நான்தான். அதைச் சாரும் சொல்லவில்லை, என் வாயிலும் வரவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

அக்டோபர் 4, சனி
நான்கும் புதுசு, ஸ்பிரிங்கும்தான். "கொஞ்சம் இறுக்கமான ஸ்பிரிங்கா போடட்டுமா தங்கச்சி?" என்றார் பாய். வேண்டாம் என்றேன். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்க வேண்டும். "எதுக்கும் நல்லுசாமி சாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமா?" என்றார் இவர்.

என் கையில் ஸ்பேனர் இருந்தது. போன் போடவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு
மைதானத்தில் பயிற்சி. ஆளுக்கு மூன்று சுற்று, வேகமானவர் போட்டியில் ஓட்டட்டும் என்றேன். இவர் இரண்டு நிமிஷம் நாற்பத்தொன்று. நான் இரண்டு இருபத்தொன்பது. இவர் நேர்கோட்டில் சீறுகிறார், ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கில் நிற்கிறார். இறங்கி வந்து, "டயர் சூடாகல" என்றார். மண்ணில் டயர் சூடு!

ஃபாரத்தில் பெயரை மாற்றித் தருகிறாராம். பார்க்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு
நான் ஓட்டினேன். இரண்டு நிமிஷம் இருபத்துமூன்று. இரண்டாம் இடம்.

இறங்கி நிற்கிறேன், தலையில் ஹெல்மெட்கூட அப்படியே இருக்கிறது. கே.கே. நகரிலிருந்து வந்த ஒருவர் நேராக இவரிடம் போய், "என்ஜின்ல என்னங்க பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார். ரீமேப் கதை வரப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்ஜினைப் புதன்கிழமை பழையபடியே மாத்திட்டேங்க" என்றார் இவர். "எல்லாம் ஷாக் அப்சார்பர்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது, அவங்களைக் கேளுங்க."

வண்டி இன்று அடங்கி ஓடியது முழுக்க என் ஸ்பிரிங்கால் என்றே நினைத்திருந்தேன். ஏன் மாற்றினார் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "வளைவுல நீ ஆக்சிலரேட்டரை பயந்து பயந்து மிதிச்ச. பயிற்சி அன்னிக்கே பாத்தேன்" என்றார்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதையும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தானே செய்திருக்கிறார்?