மாதம் தவறாமல் நீ உட்கார்ந்த கொட்டாய்

என் முனியக்காவுக்கு, உன் பின்னாலேயே நடந்து வளர்ந்தவன் எழுதுவது.

நீ போய் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. அடுத்தவர் வீட்டுச் சாவையும் வாழ்வையும் செய்தியாக எழுதியே நான் பிழைத்தேன். உன்னைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால், நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது.

முதலில் ஒரு சேதி. எனக்குக் கயல் என்று ஒரு பேத்தி இருக்கிறாள், மகன் வழியில். இருபத்துநாலு வயது. மூன்று மாதம், நான்கு மாதம் என்று அவளுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது. மோவாயில் முடி. போன மாதம் தர்மபுரியில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். ஆண் ஹார்மோன் என்கிறோமே, அது பெண்ணுடம்பிலும் இயல்பாகவே கொஞ்சம் சுரக்குமாம். சிலருடைய சினைப்பை அதை மிகையாகச் சுரக்கிறதாம். அதனால் முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைபடுகிறது, மாதம் தவறுகிறது, முகத்தில் முடி முளைக்கிறது.

சொல்லிவிட்டு, "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருந்திருக்கா?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லீங்க டாக்டர்," என்றான் என் மகன், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். அவனுக்குத் தெரியாது என்பது பாதி. மகளுக்கு வரன் பார்க்கிறான் என்பது மீதி. அந்த வேகம் எனக்குப் பழக்கமானது. எழுபதாம் வருஷம், சேலத்தில், அதே கேள்விக்கு நான் பதில் சொன்ன வேகம் அது.

உனக்குத் தெரிந்ததுதான். இதை அச்சில் படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, அவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபத்திரண்டில் உன்னைப் பென்னாகரத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். நிலமுள்ள குடும்பம். முதல் வருஷமே மூன்று மாதம் தள்ளிப்போனது. உன் மாமியார் கைநிறைய வளையல் வாங்கிப் போட்டார், தெருவெல்லாம் சொல்லிவிட்டார். நான்காம் மாதம் உதிரம் வந்தது. கலைந்துவிட்டது என்றார்கள். மறுவருஷமும் அப்படியே நடந்தபோது பேச்சு மாறியது. "நாடகம் போடறா இவ. வவுத்துல ஒண்ணுமில்லாமயே முழுகாம இருக்கேன்னு ஏய்ச்சிச் சோறு திங்கறா."

அதற்குப் பிறகுதான் நீ உண்மையிலேயே நடிக்கத் தொடங்கினாய். தூரமான பெண்கள் மூன்று நாள் மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துச் சார்ப்பில் தனிப்பாயில் இருக்க வேண்டும் அந்த வீட்டில். உதிரம் வந்தாலும் வராவிட்டாலும், அமாவாசையை ஒட்டி மாதம் தவறாமல் நீயாகப் போய் உட்கார்ந்தாய். வெள்ளைத் துணியை அலசி, மாமியார் கண்ணில் படும்படி வேலியில் காயப்போட்டாய். விடியுமுன் எழுந்து, விரலில் சாம்பல் தொட்டு மோவாய் முடியைப் பிடுங்கினாய். இதையெல்லாம் ஒரு பொங்கலுக்கு வந்தபோது கிணற்றடியில் என்னிடம் சொன்னாய். ஏன் என்னிடம் சொன்னாய் அக்கா? அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே.

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாய். எனக்கு இருபத்தாறு வயதிலேயே முன்மண்டையில் வழுக்கை விழுந்திருந்தது. "உன் தலையில கொட்டறதெல்லாம் எம் மூஞ்சியில வந்து மொளைக்குதுடா. சாமி ஆளை மாத்திருச்சு போல."

எட்டு வருஷம் பிள்ளை இல்லாததால் இரண்டாம் பெண் பார்ப்பதாகப் பேச்சு வந்தது. அதற்கு முன் ஒருதரம் டாக்டரிடம் காட்டலாம் என்று நான்தான் கெஞ்சினேன். சேலத்துக்கு நீ, மாமியார், நான், மூவரும் பஸ் ஏறினோம். டாக்டரம்மா உன் மோவாயைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எதையோ கண்டுகொண்ட தெளிவு இருந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"மாசா மாசம் வருதாம்மா?"

நீ வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார். "அதெல்லாம் நாள் தவறாதுங்க. அமாவாசைக்கு முன்ன பின்ன ரெண்டு நாளு. நாந்தானுங்களே கொட்டாய்ல கொண்டுபோயி சோறு வைக்கறேன்!"

நீ என்னைப் பார்த்தாய். நிஜத்தைச் சொன்னால் ஆறு வருஷ நடிப்பும் அந்த அறையிலேயே வெளிப்படும். அப்படியே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் வைத்தியம் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் சுவர். நீ தலையாட்டினாய். நான் பேசாமல் இருந்தேன்.

டாக்டரம்மா விடவில்லை. கயலின் டாக்டர் கேட்ட இதே கேள்வியைக் கேட்டார். "பொறந்த வூட்டுல யாருக்காச்சும் இருக்குதா? சொல்லு தம்பி," என்று மாமியார் என் பக்கம் திரும்பினார்.

இருந்தது. அப்பாவின் தங்கை, நம் அத்தை. முகத்தில் முடியும் மடியில் பிள்ளை இல்லாமையுமாக ஓசூர்ப் பக்கத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, நம் வீட்டிலேயே செத்தவள். பென்னாகரத்துக்காரர்களுக்கு அவள் கதை தெரியாது. எனக்கு அந்த ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வம்சத்திலேயே இருக்கிறது என்றால் யார் பெண் கொடுப்பார்கள்?

"யாருக்கும் இல்லீங்க," என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, சத்துக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். நான் மாப்பிள்ளையானேன். அடுத்த தையில் உன் புருஷனும் மறுபடி மாப்பிள்ளையானார்.

அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தாய். கடைசியில் வந்த உதிரம் நிற்கவே இல்லை. தூரம் முடியாததால் உன்னை உள்ளே சேர்க்கவில்லை. ஒன்றரை மாதம் கொட்டாயிலேயே கிடந்தாய். யாரோ சொல்லியனுப்ப, நான் வந்து தூக்கிக்கொண்டு ஓடினேன். கருப்பையில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். வருஷக்கணக்கில் மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்று இப்போது கயலின் டாக்டர் சொன்னார். அந்தக் காலத்திலேயே சினைப்பையில் ஒரு துண்டை வெட்டியெடுக்கும் அறுவைச் சிகிச்சை இருந்ததாம். சிலருக்கு அதன்பின் மாதம் சீராகி, பிள்ளையும் பிறந்ததாம். உனக்குப் பலித்திருக்குமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அதை அடைத்தவன் நான்.

போன மாதம் தர்மபுரியில், என் மகன் 'இல்லை' என்ற பிறகு நான் சொன்னேன், "இருந்ததும்மா. எங்க அத்தை ஒருத்தி. எங்க அக்கா ஒருத்தி." மகன் என்னை முறைத்தான். டாக்டர் என் தலையைப் பார்த்தார்.

"உங்களுக்கு எந்த வயசுல முடி கொட்டுச்சுங்க ஐயா? சுகர் இருக்கா?"

இருபத்தாறு, சுகரும் இருக்கிறது என்றேன். அவர் விளக்கினார். ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் இந்தச் சுபாவம் சினைப்பைச் செல்களிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரு மரபணுவின் வேலை அல்ல. பலவற்றின் சிறு மாற்றங்கள் சேர்ந்தது. முழுவதும் இன்னும் யாருக்கும் தெரியாது. தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். ஆண்களும் சுமப்பார்கள், சிலருக்குச் சின்ன வயதிலேயே வழுக்கை விழுவது அதன் அடையாளமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னார், நிச்சயம் என்று சொல்லவில்லை.

கிணற்றடியில் நீ சொன்னது பாதி சரி அக்கா. சாமி ஆளை மாற்றவில்லை, இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறது போலும். என் வழுக்கைக்காக ஊரில் யாரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை. "படிச்ச மண்டை" என்றார்கள்.

வெளியே வந்ததும் மகன் பொரிந்தான். "ஏம்ப்பா, இப்ப இதச் சொல்லி என்ன ஆகப்போவுது? நாளைக்கு வர்றவங்க காதுல விழுந்தா?" அவன் கெட்டவன் அல்ல. நான் நின்ற இடத்தில் நிற்கிறான்.

வீட்டில் கயலிடம் உன் கதை முழுவதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "எங்க ஹாஸ்டல்ல சோறு திங்கும்போதே இதப் பேசுவோம் தாத்தா. நீங்கதான் இன்னும் அந்தக் கொட்டாய்லயே உக்காந்திருக்கீங்க," என்றாள். அப்புறம் கொஞ்சம் தணிந்து, "நாடகம்னு சொன்னவங்க யாராச்சும் இன்னும் உசுரோட இருக்காங்களா?" என்று கேட்டாள்.

இருக்கிறார். உன் புருஷன், மாமா, இருக்கிறார், தொண்ணூறை நெருங்கி. போன வருஷம் ஒரு சாவு வீட்டில் பார்த்தபோது, "உங்கக்கா தங்கமானவதான், வவுறுதான் வெறும் பாறை," என்றார் பத்துப் பேர் நடுவில். அப்போதும் நான் பேசவில்லை.

இந்தக் கடிதம் அச்சாகுமுன், வரும் புதன்கிழமை பென்னாகரம் பஸ்ஸில் போகிறேன். உன் நோய் என்னவென்று சொல்வேன். அதை நீ எங்கிருந்து பெற்றாய் என்பதையும் சொல்வேன். நீ ஏன் நடித்தாய் என்று சொல்வேன். அதற்கெல்லாம் முன்னால், சேலத்தில் பொய் சொன்னவன் நான் என்று சொல்வேன். மாமாவுக்குக் காது மந்தம். தெருவுக்குக் கேட்டாலும் சரி, உரக்கச் சொல்வேன். இது சத்தியம் அக்கா.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த, ஒரே குறையைச் சுமந்த
உன் தம்பி,
சின்னசாமி