நாலு அங்குல உயரம்

ஜூன் 4, வியாழன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மகளின் சீருடையைத் துவைக்காமலே இஸ்திரி போட்டு அனுப்பினேன். அதற்கு ஒரு முறைப்பு.

பத்து மணிக்குக் கோபுரக் கம்பெனி. செல்போன் கோபுரங்களின் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் புதிதாகக் கொடுக்கிறார்கள். கீழே இருக்கும் மூன்று கோபுரங்களுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், அதில் ஒன்றும் இல்லை. மலை மேலே இருக்கும் இரண்டுதான் வேலை. மழையில் எந்த நேரம் கூப்பிட்டாலும் சொந்த வண்டியில் அந்தக் கல்லு ரோட்டில் ஏற வேண்டும். மாதக் கடைசியில் முடிவு என்றார் மேனேஜர்.

என் புருஷனாக இருந்தவன், அவனும் வந்திருந்தான். பிரிந்து ஒரு வருஷம் ஆகிறது. புது பிக்கப் வண்டி அவனுக்கு, பழைய ஜீப் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். எல்லார் முன்னாலும் மேனேஜரிடம் சொல்கிறான்: "அவ வண்டியா? வயிறு தரையைத் தேய்க்குமே சார். பாவம், கீழ இருக்கறதை அவளுக்குக் குடுத்துடுங்க."

ஸ்டோர்காரர் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்தார்.

பாவமாம். நான் பாவமாம். பேட்டரியின் எந்த முனை எது என்று இவனுக்குக் காட்டிக்கொடுத்ததே நான். அந்த இரண்டு கோபுரத்தையும் எடுக்காமல் விடமாட்டேன். எடுத்துவிட்டு, அவன் பார்க்க ஏறுவேன்.

ஜூன் 6, சனி

ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது பொய் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் வளைவு போய்ப் படுத்துக் கிடக்கின்றன.

வண்டியை உயர்த்த வேண்டும், கையைக் கடிக்காமல் உயர்த்த வேண்டும். வண்டியை உயர்த்த வெளிநாட்டிலிருந்து வரும் முழு ஸ்பிரிங் செட்டை விசாரித்தேன். அதை வாங்கினால் ஜீப்பை விற்றுத்தான் வாங்க வேண்டும். பெரிய டயர் போட்டால் திருப்பும்போது மட்கார்டில் இடிக்குமாம். மிச்சம் இரண்டு வழி. பட்டைகளை நிமிர்த்தி, கூட ஒரு பட்டை சேர்ப்பது. அல்லது பட்டையின் முனையைச் சட்டத்தோடு சேர்த்துத் தொங்கவிடும் ஷாக்கிள் இரும்பை நீளமானதாக மாற்றுவது. இரண்டாவதுதான் இருப்பதிலேயே மலிவு.

ஜூன் 9, செவ்வாய்

பட்டை வேலையில் கெட்டிக்காரன் இந்த ஊரில் ஒருவன்தான். அது என் கொழுந்தன் — பிரிந்து போனவனுடைய சொந்தத் தம்பி. தலையெழுத்து. போனேன்.

இன்னும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மொதல்ல படுத்துப்போன பட்டையை நிமித்துவோம் அண்ணி. கூட ஒண்ணு சேப்போம். ரெண்டு அங்குலம் ஏறும், அது போதும்" என்றான்.

"நாலு வேணும்."

"நாலு எதுக்கு? கல்லு ரோட்டுக்கு ரெண்டு தாராளம்."

"நீளமான ஷாக்கிள் போட்டா?"

"வேணாம் அண்ணி." ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். இவன் எப்போதும் இப்படித்தான், பாதி பேச்சை வாயிலேயே மென்றுவிடுவான். அண்ணன் எதிரில் அந்தப் பாதியும் வராது.

ஏன் வேண்டாம்? யார் சொல்லி வேண்டாம்? ரத்த பாசம் எங்கே போகும். நான் உயர்ந்துவிடக் கூடாது என்று அண்ணனும் தம்பியும் சேர்ந்தே பேசி வைத்திருப்பார்கள்.

ஜூன் 10, புதன்

பஜாரில் வண்டி அலங்காரக் கடை. விளக்கு, ஸ்டிக்கர், சீட் உறை, கூடவே ஷாக்கிளும். "நாலு இஞ்ச் மேடம், சாயங்காலம் எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். கேட்கவே இனித்தது.

போட்டாயிற்று. ஏறி உட்கார ஒரு காலைத் தூக்கி எம்ப வேண்டியிருக்கிறது. வேண்டுமென்றே அவன் வீட்டுத் தெரு வழியாக வந்தேன். வாசலில்தான் நின்றிருந்தான். பார்த்தான். நன்றாகப் பார்த்தான். இந்த ஒரு வருஷத்தில் எனக்கு இவ்வளவு நல்ல சாயங்காலம் வாய்க்கவில்லை.

ஸ்டீயரிங் கொஞ்சம் லேசாக இருக்கிறது. பழகிவிடும்.

ஜூன் 14, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

பழைய பேட்டரிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சோதனைக்காக மேலே போனேன். ஏறும்போது ராணி மாதிரி ஏறியது. இறக்கத்தில்தான் — திருப்பினால் திரும்புகிறது, விட்டால் நேருக்கு வரமாட்டேன் என்கிறது. இந்தப் பக்கம் போ என்றால் அந்தப் பக்கம் அலைகிறது. பிரேக்கை மிதித்தேன். வண்டி பள்ளத்துப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. முன்சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கி நின்றதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கால்வாய் மட்டும் இல்லாமல் இருந்தால்? ஐயோ, அதுக்கப்புறம் என் பொண்ணுக்கு யார் இருக்கா?

மண்ணில் உட்கார்ந்து அழுதேன். குழந்தை மாதிரி, சத்தம் போட்டு. யாரும் பார்க்கவில்லை.

வேறு யாரைக் கூப்பிடுவது? கொழுந்தனைத்தான் கூப்பிட்டேன். வந்தான். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குத் திட்டியாவது இருப்பேன். "ஷாக்கிள் நீளமானதும் முன் அச்சே சாஞ்சு போச்சு அண்ணி. அப்புறம் ஸ்டீயரிங் தானா நேருக்கு வராது. பாருங்க, பிரேக்குக்கு எண்ணெய் போற ஹோஸ் குழாய் கம்பி மாதிரி வெறைச்சு நிக்குது. இன்னொரு பள்ளத்துல விழுந்திருந்தா பிச்சுக்கிட்டு வந்திருக்கும்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

தலையைச் சொறிந்தான். "நீங்க கோவமா இருந்தீங்க."

அண்ணனிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 17, புதன்

ஷாக்கிள் கழன்றது. பட்டை நிமிர்ந்து, ஒன்று கூடியது. ஹோஸும் மாற்றியாயிற்று. இரண்டே அங்குலம். மேலே போய் வந்தேன். ஒரு கல் இடிக்கவில்லை, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கிறது.

ஜூன் 23, செவ்வாய்

கொழுந்தன் என் வீட்டுக்கே வந்தான். உட்காரவில்லை.

அவன் அண்ணனும் என்னுடையதைப் போலவே ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கிறானாம். பிக்கப்பில் அந்த ரோட்டில் ஏற முடியவில்லையாம். அன்று நான் தெருவில் போனதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டதாம். தம்பி வேண்டாம் என்றதற்கு, "அவளுக்கு நாலு போட்டுக் குடுத்தே, எனக்கு ரெண்டா?" என்று சண்டை. நேராக அதே அலங்காரக் கடைக்குப் போய் அஞ்சு அங்குல ஷாக்கிள் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"நான் சொன்னா நம்பமாட்டேங்கறார். உங்க வண்டிக்கு ஆனதைச் சொன்னா நம்புவாரு. ஆனா நீங்க சத்தியம் வாங்கிட்டீங்களே அண்ணி."

"அந்தச் சத்தியம் அப்படியே இருக்கட்டும்" என்றேன். போய்விட்டான்.

ஜூன் 24, புதன்

அஞ்சு அங்குலம். நன்றாக ஏறட்டும். அப்புறம் இறங்கட்டும்.

ஜூன் 25, வியாழன்

நான் கெட்டவளா? நான் மாட்டிவிடவில்லை. கடையைக் கைகாட்டவும் இல்லை. ஊரெல்லாம் என்னைப் பாவம் என்று சொன்னவனுக்கு நான் ஏன் வலியப் போய் வழி சொல்ல வேண்டும்? ஏறப் போகிறவன் அவன்தானே, கடைசி வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன். பொய் எழுதி என்ன ஆகப் போகிறது.

ஜூன் 26, வெள்ளி

மகள் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கிழமை அப்பா என்னைப் புது ஜீப்புல மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். முன் சீட்டு எனக்குத்தான்."

கையிலிருந்த தோசைக்கரண்டியைக் கீழே வைத்தேன்.

இந்த வாரம் காய்ச்சல் என்று நிறுத்தலாம். அடுத்த முறை? அதற்கடுத்து? இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை அவளை அனுப்பியாக வேண்டும், கோர்ட்டில் ஒத்துக்கொண்டது.

சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் என் வண்டிக் கதை வெளியே வரும். மேனேஜர் காதுக்குப் போகும். இவனுக்குப் போய் — கடவுளே, இவனுக்குப் போய் நானே வாயில் அவலைப் போடுகிறேனே.

ஜூன் 27, சனி

கம்பெனி முற்றத்தில் அவனைப் பிடித்தேன். தனியாகக் கூப்பிட்டும் வரவில்லை. ஸ்டோர்காரர், டிரைவர்கள், மேனேஜர், எல்லாரும் இருந்தார்கள்.

"அந்த ஷாக்கிளைக் கழட்டிடுங்க" என்றேன். மனசுக்குள் எத்தனை அவன் இவன் போட்டாலும் எதிரில் 'நீங்க'தான் வருகிறது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், நாக்குக்கு ரோஷமே கிடையாது.

"ஏன், வயித்தெரிச்சலா?" என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி பேச்சைக் கேட்காமல் போய் மாட்டியது, இறக்கத்தில் இழுத்தது, கால்வாய், ஹோஸ். ஒன்றையும் விடவில்லை. பாதியைச் சொன்னால் நம்பமாட்டான்.

"அப்புறம் என்ன பண்ணே?"

"உக்காந்து அழுதேன்."

சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தான். மேனேஜர் சிரிக்கவில்லை, போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அதைவிட மோசம்.

"நாளைக்கு நம்ம பொண்ணு அதுல முன்னாடி உக்காரப் போறா. சிரிச்சு முடிச்சிட்டுக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வரும் வரைக்கும் அழவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் போன் செய்தான். கழற்றியாகிவிட்டதாம். அண்ணன் வண்டிக்குத் தன் கையாலேயே பட்டையை நிமிர்த்திப் போட்டுக்கொண்டிருக்கிறானாம்.

ஜூன் 28, ஞாயிறு

சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் வந்துவிட்டாள். முடியெல்லாம் புழுதி.

"அப்பா வழியெல்லாம் நீ அழுத கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்கம்மா."

"சிரிக்கட்டும். இறக்கத்துல எப்படி ஓட்டினாங்க?"

"இறக்கத்துல பேசவே இல்ல. ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனாரு."

நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துவிட்டாள்.

ஜூன் 29, திங்கள்

மேனேஜர் போன் செய்தார். மேலே இருக்கும் இரண்டு கோபுரமும் அவனுக்கு. "உங்க வேலையில குறை இல்லம்மா. ஆனா வண்டி விஷயத்துல அவசரப்பட்டு முடிவு எடுத்தீங்க இல்லையா, மேலிடத்துல யோசிக்கறாங்க" என்றார். எனக்குக் கீழே மூன்று கோபுரம். அவன் அன்று கை காட்டிய அதே மூன்று.

நான் சொல்லிக் கழற்றிய வண்டியில் அவன் மேலே போகப் போகிறான். அவனும் அவசரப்பட்டு அதே கடையில் அதே இரும்பை மாட்டியவன்தான். அதை யாரும் யோசிக்கவில்லை.

வயிறு எரிகிறது. மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுதமாட்டேன், மன்னிக்கவில்லை. உள்ளே குளியலறையில் மகள் வாளியைத் தட்டிக்கொண்டு கத்திப் பாடிக்கொண்டிருக்கிறாள். சுருதியும் இல்லை, ஒன்றும் இல்லை. வயிறு எரிந்துவிட்டுப் போகட்டும். துண்டு எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.