கரண்ட் போனால் எது ஓடும்?

கோலசிலாங்கூர்
14 மார்ச் 2025

மோகனா,

அன்று உன் மீன் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லாதது இதுதான்: "வாசு அண்ணன் எதையும் தொடவில்லை. கரண்ட் போனால் அந்தச் சோலார் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். எனக்கு அது முன்பே தெரியும்."

இதை வாட்ஸ்அப்பில் நான்கு முறை எழுதி அனுப்பி, நீ பார்ப்பதற்குள் நான்கு முறையும் அழித்தேன். நீ ஒரு கேள்விக்குறி அனுப்பினாய். கை தவறிப் போய்விட்டது என்றேன். தபால்பெட்டியில் போட்டதை அழிக்க முடியாது. அதனால் தாளில் எழுதுகிறேன்.

அக்டோபரில் உன் வீட்டுக் கூரையை அளக்க வந்தபோது சோலார் கம்பெனியில் எனக்கு இரண்டாவது மாதம். "மேகி படிக்காத புஸ்தகமே இல்லலா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உன் வீட்டுக்காரர் வாசு அண்ணனிடம் பெருமையாகச் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பி, "கரண்ட் போனாலும் வெயில் இருந்தா மீனுக்குக் காத்து குடுக்குற ஏர் பம்பு ஓடும்தானே? எனக்கு அதுதான் முக்கியம்" என்றாய்.

எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓடும்" என்றேன்.

மறுநாள் ஆபீசில் கையேட்டைப் படித்தேன். உனக்கு எழுதிக் கொடுத்திருந்தது மாதக் கட்டணத்தைக் குறைக்க மட்டும் உதவும், பேட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர். வெளியிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருக்கும்வரைதான் அது வேலை செய்யும். மின்கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கிறவர் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கூரையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் வீட்டுக்குள் ஒன்றும் வராது.

பொருத்துவதற்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். பொருத்திய அன்று உன் பழைய ஜெனரேட்டரை மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்தாய். லோரியில் ஏற்றும்போது ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கியது நான். "இனிமே இந்தச் சனியன் எதுக்கு? சாமியே வெச்சுக்கட்டும்" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 22 அன்று நீ செகிஞ்சானுக்கு மீன் கொடுக்கப் போயிருந்தாய். வாசு அண்ணன் இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில், நல்ல வெயிலில், நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை; பம்புகளும் நின்றுவிட்டன. நீ கூப்பிட்டு நான் வந்தபோது, செத்த டிஸ்கஸ் மீன்களை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தாய். நீ 'மேடம்' என்று கூப்பிடும் அந்தச் சிவப்புத் தாய்மீன் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது.

"இவருதான் மொத நாளு இன்வெர்ட்டர் மாட்டுன செவுத்தக் கழுவினாரு. அப்பத்தான் அதோட சுவிட்ச அடைச்சு நிறுத்தியிருக்காரு. யாரும் அடைக்காம எப்படி நிக்கும், சொல்லு மேகி?" என்றாய்.

"நான் தொடவே இல்லலா" என்றார் அவர்.

"செக் பண்ணிப் பார்க்கணும்" என்றேன்.

செக் பண்ண ஒன்றுமே இல்லை. இன்வெர்ட்டர் தன் பதிவைத் தானே வைத்திருக்கிறது. அதை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். 1.52-க்கு வெளிக் கரண்ட் போனதால் நின்றது. 5.47-க்குத் தானாக ஓடத் தொடங்கியது. எந்தக் கையும் படவில்லை. அண்ணன் கோபித்துக்கொண்டு சபாக்கில் தம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து இதை அவரிடம் காட்டு.

மேகி

*

ஈஜோக்
23 மார்ச் 2025

மேகிக்கு,

உன் கடிதத்தைக் கோழிக்குத் தீனி வைக்கும்போது பிரித்தேன். கோழி அன்றைக்குப் பட்டினி.

போனில் பேசினால் கத்துவேன். பக்கத்து வீட்டு விஜயராணி அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கேட்பாள். அதனால் நானும் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

"தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை. நான் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். "சரி, கேட்டுச் சொல்லுடி" என்று உனக்கு இன்னொரு கப் மைலோ கலக்கியிருப்பேன். அவ்வளவுதான் அது. அதற்குப் போய் இருநூறு மீன்.

நீ அனுப்பிய அச்சுத் தாளை எடுத்துக்கொண்டு சபாக்குக்குப் போனேன். வாசு வாசலிலேயே நின்று படித்தார். "நான் அப்பவே சொன்னேன்லா" என்று சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். சொல்லவில்லை. தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டார். வரும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் அவர் முதுகுக்குப் பின்னால் அழுதுகொண்டே வந்தேன்.

மீன் செத்தது உன்னால். அவரை நம்பாமல் போனது என்னால். அதையும் உன் தலையில் போட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கோயிலுக்குப் போய் ஜெனரேட்டரைத் திருப்பிக் கேட்டேன். "சாமிக்குக் குடுத்தத வந்து கேக்குற மொத ஆளு நீதாம்மா" என்றார் தலைவர். திருவிழா வரைக்கும் தந்திருக்கிறார்.

எட்டு மீன் மிச்சம். வாசு இரண்டு ஜோடி புதிதாக வாங்கிவந்திருக்கிறார். எந்த இன்வெர்ட்டர் வாங்க வேண்டும் என்று எழுது. அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுதாதே.

மோகனா

*

கோலசிலாங்கூர்
29 மார்ச் 2025

மோகனா,

நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன். இந்த முறை, தெரியாததைத் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன்.

நீ வாங்க வேண்டியது ஹைபிரிட் இன்வெர்ட்டர், கூடவே பேட்டரி. பேட்டரி இல்லாமல் ஹைபிரிட் மட்டும் வாங்கினால், மேகம் மறைத்ததும் பம்பு நிற்கலாம். பேனல்களைக் கழற்ற வேண்டாம். அவற்றின் வோல்டேஜுக்குப் பொருந்தும் மாடல் எது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளைப் படமெடுத்து, விற்பவரிடம் காட்டி, எந்த மாடல் பொருந்தும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

கரண்ட் போனாலும் ஓடுவதற்கென்று அந்த இன்வெர்ட்டரில் ஒரு தனி லைன் உண்டு. அதில் பம்புகளை மட்டும் சேர். உன் பத்துப் பம்புக்கும் சேர்த்து முந்நூற்றைம்பது வாட். ஐந்து யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி இருந்தால் வெயிலே இல்லாமல் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஏர்கான், ஐஸ்பெட்டி எதையும் அந்த லைனில் சேர்க்க விடாதே. வாசு அண்ணன் டிவியைக் கேட்டால் அதையும்.

எங்கள் கம்பெனியில் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரிடம் வாங்கினாலும், "கரண்ட் போனால் எது ஓடும்?" என்று கேள். சும்மா "எல்லாம் ஓடும்" என்று தலையாட்டினால் நம்பாதே. பொருத்தி முடித்ததும் உன் கண் முன்னால் மெயின் சுவிட்சை அடைக்கச் சொல். தொட்டியில் குமிழி வருகிறதா என்று பார். பார்த்த பிறகு கையெழுத்துப் போடு.

வேறு ஒன்றும் எழுதவில்லை.

மேகி

*

கோலசிலாங்கூர்
30 ஜூன் 2025

மோகனா,

உன் பதில் வரவில்லை. வரவேண்டும் என்று இதை எழுதவில்லை.

நடந்ததையெல்லாம் ஏப்ரலில் முதலாளியிடம் சொன்னேன். "கேட்டாத்தானே சொல்லணும்" என்றார். நீ கேட்டாய் என்றேன். இப்போது எங்கள் விலைத்தாளில் விலைக்கு மேலே முதல் வரியாக, 'கரண்ட் போனால் இது ஓடாது' என்று அச்சடிக்கிறோம். அதைப் படித்துவிட்டு எழுந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

போன வாரம் ஹார்ட்வேர் கடையில் கணேஸ்வரன் என்பவரைப் பார்த்தேன். அவரும் சோலார் பொருத்துகிறவர்தான். வேறு கம்பெனி. ஈஜோக்கில் மீன் வளர்க்கும் ஓர் அம்மா மெயின் சுவிட்சை மூன்று தடவை அடைக்க வைத்தார் என்று சொல்லிச் சிரித்தார். "ரெண்டு தடவ பாத்தாச்சு. மூணாவது தடவ வூட்டுக்காரரக் கூப்ட்டு, நீங்களே அடைச்சுப் பாருங்கன்னு நிக்க வெச்சுட்டாங்க."

பம்பு ஓடியதா என்று கேட்டேன். மூன்று தடவையும் ஓடியது என்றார்.

மேகி