விழுங்கிப் பார்க்கச் சொல்லவில்லை

செவ்வாய், இரவு.

களக்காட்டு வாழை விவசாயி சுடலைமுத்துவுக்குப் பக்கவாதம். காலையில் வாயைத் திறந்து ‘ஆ’ சொல்லச் சொன்னேன். உள்நாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியது. குரலும் கரகரத்தது. ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து, சரியாக விழுங்குகிறாரா என்று பார்த்திருக்க வேண்டும். வார்டில் கூட்டம். விட்டுவிட்டேன்.

“டாக்டரம்மா, அவியளுக்குக் கஞ்சி குடுக்கலாமா?” என்று அவர் மனைவி கேட்டார்.

“பையக் குடுங்க, மெதுவா” என்றேன்.

மதியம் கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தோம். உயிர் தங்கியது, ஆனால் இப்போது செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார்.

வாசலில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீங்க பையத்தான் குடுக்கச் சொன்னிய. பசிக்குன்னாவ, நாந்தான் அவசரப்பட்டு ஊட்டிட்டேன்.”

தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “அழாதீங்கம்மா” என்றுதான் வந்தது. அதற்கும் என்னைக் கும்பிட்டார்.