உள்ளறைக்குக் கேட்காத நாடகம்

நானா,

நேற்று மகள் என் மந்தமான காதில் ஹெட்போனை மாட்டி டெலிவிஷனைப் போட்டாள். செய்தி தெளிவாகக் கேட்டது. உடனே கழற்றிவிட்டு, "ஒங்களுக்கும் கேக்குதா?" என்றேன்.

"கேக்குதுப்பா. எத்தன தடவதான் கேப்பீங்க?" என்று அலுத்துக்கொண்டாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு அண்ணன் போன்ற நீங்கள் மௌத்தாகி அடக்கமாகி இத்தனை வருடங்கள் கழித்தும் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

1960களில் உங்கள் காது மந்தமாகிவிட்டது. மாத்தளைக் கடைவீதி முழுக்க உங்கள் வீட்டு ரேடியோதான். "நானா, பக்கத்து ஊர் நாவுலைக்கும் சேத்தா நியூஸ் போடுறீங்க?" என்று எதிர்க்கடைக்காரர் கத்துவார். அது மட்டும் உங்களுக்குக் கேட்டுவிடும், முகம் வாடும்.

நான் தபால் கந்தோரில் டெலிபோன் பழுதுபார்ப்பவன். பழைய சாமான் கடையில் ஒரு ஹெட்போன் வாங்கி, மூன்று முறை மின்சுற்றுப் படம் வரைந்து சரிபார்த்து, உங்கள் ரேடியோவில் இணைத்தேன். "தம்பி, நாடகத்துல மழ பேயிற சத்தமும் கேக்குது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஆனால் ஹெட்போனுக்குச் சத்தம் போனால் ரேடியோப் பெட்டி ஊமையாகிவிடும். திரைக்கு அப்பால் உள்ளறையில் இருந்து நாடகம் கேட்டு வந்த உங்கள் மனைவி, ராத்தாவுக்கு ஒன்றும் கேட்காது. முதல் நாளே எனக்குத் தெரிந்தது. நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டபடியே தினமும் வந்தேன். அந்நிய ஆண் நான் உட்கார்ந்திருந்ததால் ராத்தா வெளியே வரவும் முடியவில்லை.

ஒரு மாலை திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, நாடகத்துல அந்தப் புள்ள புருஷன் ஊட்டுக்குத் திரும்பிட்டாளா?"

"தெரியாதுங்க ராத்தா. எனக்கும் கேக்கல."

"அப்ப அவருக்கு மட்டுந்தானா ரேடியோ?"

நீங்கள் நாடகத்தில் மூழ்கிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் வந்தால், ஹெட்போனோடு திரையைப் பார்த்து முழுக் குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தீர்கள்: "இப்ப மாமி அழுறா! மருமகன் கதவத் தொறக்கான்!" எதிர்க்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே ராத்தா சிரிப்பது கேட்டது.

என்னைக் கண்டதும் நிறுத்தினீர்கள். "உள்ளுக்குக் கேக்காதுண்டு ஒங்களுக்குத் தெரியுந்தானே? ஏன் தம்பி சொல்லல்ல?"

நான் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றினேன். அன்றே பெட்டி, ஹெட்போன் இரண்டிலும் கேட்கும்படி கம்பியை மாற்றினேன். பதில் மட்டும் சொல்லவில்லை. 'உங்கள் சந்தோஷம் கெட்டுவிடுமோ என்று பயந்தேன்' என்று இந்த மடலிலும் முதலில் எழுதி, அடித்துவிட்டேன். அது உண்மையில்லை, நானா. என் வேலையில் பிழை இருக்கிறது என்று உங்கள் வாயால் கேட்கப் பயந்தேன்.