"எப்படா ஆரம்பிப்பாங்க?"

இன்று பேத்தியோடு கோளரங்கத்துக்குப் போயிருந்தேன். கதவு திறந்ததும் ஏசி குளிரோடு பழைய இருக்கைத் துணியின் வாசனை முகத்தில் அடித்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. பக்கத்து இருக்கையில் நீ இருப்பது போலவே இருந்தது.

பல வருடங்களுக்கு முன் நாம் இங்கே வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிரகங்கள் பாடம் என்று நம் இரண்டு குடும்பமும் வந்திருந்தோம். விளக்குகள் அணைந்தன. வட்டக் கூரை முழுக்க நட்சத்திரங்கள் பூத்தன. பிள்ளைகள் "ஆ"வென்று கத்தினார்கள். சப்தரிஷி மண்டலம் எது என்று ஒலிபெருக்கியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நீ என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாய்: "எப்படா ஆரம்பிப்பாங்க?"

விளையாடுகிறாய் என்று நினைத்தேன். "ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சேடா."

"ஆமா ஆமா, பிரமாதம்" என்றாய் சட்டென்று. எல்லோரும் அண்ணாந்திருக்க, உன் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவன் நீ. டன் கணக்கில் தொங்கும் இரும்புத் தகட்டுக்குக் கீழே நிற்பவன் நான். "நைட் ஷிஃப்ட்ல கை காட்டாத, விசில் அடி. அதான் எனக்கு வசதி" என்று நீ சொன்னதன் காரணம் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. இரண்டு வருடமாக நீ என் தலைக்கு மேலே பாரத்தைக் காதால் இறக்கிக்கொண்டிருந்தாய்.

வெளியே மரத்தடிக்கு உன்னை இழுத்துப்போனேன். நீ மறுக்கவில்லை. "பகல்ல ஒண்ணுமில்லடா. இருட்டினாத்தான் தெரியல. சொல்லிடாத. கிரேன விட்டா எனக்கு வேற என்னடா தெரியும்?"

"நாளைக்குள்ள நீயே மேனேஜர்கிட்ட சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்வேன்."

நீ சொல்லவில்லை. நான் சொன்னேன். உன்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். நான்கு மாதம் கேன்டீனில் என் மேசைப் பக்கம்கூட நீ வரவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் இருவரும் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்கினோம். தெருவில் கரண்ட் இல்லை. முன்னால் நடந்த என்னிடம் "டேய், நில்லு" என்றாய்.

நின்றேன்.

"கோவம் போகல. ஆனா வீட்டுக்குப் போகணும்."

என் தோளில் கை வைத்தாய். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் வீடு திரும்பினோம். உன் கோபம் எப்போது போனது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போதும் இருட்டுகிற வேளையில் தெருவில் தனியாக நடந்தால், "குழி இருக்கு... மாடு படுத்திருக்கு, இந்தப் பக்கம் வா" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போகிறது.